நிக்ஸி கடிகாரம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

அப்பாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். பாலிடெக்னிக் ஆய்வகத்தில் மீட்டர்களைப் பழுது பார்த்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே ஒரு பழைய ஃப்ரீக்வென்சி கவுன்ட்டர் (அதிர்வெண் அளக்கும் கருவி) இருந்ததாம். கண்ணாடிக் குழலுக்குள் எண்கள் தணல் மாதிரி ஆரஞ்சு நிறத்தில் எரியும் என்று நான் சிறுமியாக இருந்தபோதே சொல்லியிருக்கிறார். அதுதான் நிக்ஸி ட்யூப். அமெரிக்காவின் பர்ரோஸ் நிறுவனம் 1955இல் அதை அறிமுகப்படுத்தியது. அப்பா பிறந்ததும் 1955. அந்தக் குழல் வைத்த கடிகாரத்தைத் தவிர வேறு எந்தப் பரிசும் எனக்குத் தோன்றவில்லை.

போனில் ஒரு விளம்பரம் வந்தது. ஆறு குழல், தேக்கு மரப் பெட்டி, ‘அசல் சோவியத் நிக்ஸி’ என்று கொட்டை எழுத்து. படத்தில் இருந்தது சந்தேகமே இல்லாமல் ஐஎன்-14 என்ற சோவியத் மாடல் நிக்ஸி குழல்தான். விலை 7,800 ரூபாய். யூபிஐயில் கட்டினால் 500 ரூபாய் தள்ளுபடி என்றார்கள். கட்டினேன். பதினாறு நாள் கழித்துப் பார்சல் வந்தது.

பிறந்தநாள் அன்று மாலை அப்பா பிளக்கைச் செருகினார். எண்கள் ஒளிர்ந்தன. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அவர் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். அப்புறம் விளக்கை அணைக்கச் சொன்னார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “ஏம்மா, எவ்வளவு கொடுத்தே? இது நியான் இல்லம்மா” என்றார்.

உண்மையான நிக்ஸியில் 0 முதல் 9 வரை பத்து எண்களும் மெல்லிய கம்பியில் வளைக்கப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே குறைந்த அழுத்தத்தில் நியான் வாயு. சுமார் 170 வோல்ட் கொடுத்தால், எந்த எண்ணுக்கு மின்சாரம் போகிறதோ அந்தக் கம்பியை ஒட்டி வாயு ஒளிரும். அதனால் நொடி மாறும்போது ஒரு எண் முன்னால் தெரியும், அடுத்தது கொஞ்சம் பின்னால் தள்ளித் தெரியும். எரியாத எண்களின் கம்பியும் உற்றுப் பார்த்தால் தெரியும். எனக்கு வந்ததில் கம்பியும் இல்லை, வாயுவும் இல்லை. கண்ணாடிக் குழலுக்குள் கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்னக் கலர் திரை. அதில் நிக்ஸி எண்ணின் படம் ஓடுகிறது. பின்பக்கப் பொத்தானை அழுத்தினால் எண்கள் பச்சையாகின்றன, ஊதாவாகின்றன.

விற்றவருக்கு எழுதினேன். முதல் பதில்: “நிக்ஸி ஸ்டைல் என்றுதானே போட்டிருக்கிறோம்.” போய்ப் பார்த்தால் உண்மையாகவே தலைப்பை மாற்றியிருந்தார்கள். பழைய தலைப்பை நான் படம்பிடித்து வைக்கவில்லை. 15 சதவீதம் திருப்பித் தருகிறோம் என்றார்கள், பிறகு 30. முழுப் பணம் வேண்டுமென்றால் என் செலவில் சீனாவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். விளம்பரம் செய்த தன்மை பொருளில் இல்லாவிட்டால் விற்றவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அதைக் குறிப்பிட்டு எழுதிய பிறகு பதிலே வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். கடைக்கு இங்கே முகவரியே இல்லாததால் இரண்டு மாதமாக அது அப்படியே நிற்கிறது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமாவது முறையிட்டிருக்கலாம். அந்த 500 ரூபாய் தள்ளுபடி எதற்கு என்று இப்போது புரிகிறது.

வாங்குவதாக இருந்தால், குழலின் மாடல் எண்ணைக் கேளுங்கள். நொடி ஓடும்போது பக்கவாட்டில் எடுத்த வீடியோவைக் கேளுங்கள். ஐஎன்-14 என்று சொன்னால் 5ஐக் கவனியுங்கள். அந்தக் குழலில் 2ஐயே தலைகீழாகத் திருப்பி 5 ஆக வைத்திருப்பார்கள். அப்பா முதலில் பார்த்ததே அதைத்தான். அசல் கடிகாரங்களிலும் குழலின் அடியில் கலர் எல்இடி வைப்பதுண்டு, அதனால் அடியில் நிறம் மாறுவதை வைத்து எதையும் சொல்ல முடியாது. எண்ணே நிறம் மாறினால் அது நிக்ஸி இல்லை. புதிய குழல்களைக் கையால் செய்பவர்கள் செக் நாட்டின் டாலிபோர் ஃபார்னி போல வெகு சிலர்தான், விலையும் அதற்கேற்பத்தான் இருக்கும். மற்றவை எல்லாம் பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த பழைய சரக்கு. ஆகவே ‘இந்த மாதம் புதிதாகத் தயாரித்த சோவியத் குழல்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

அப்பா அதைத் தூக்கிப் போடவில்லை. நான் வருத்தப்படுவேன் என்று ஹாலிலேயே வைத்திருக்கிறார். எனக்குத்தான் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

நேற்று இரவு அதே படம் மறுபடி என் போனில் வந்தது. கடைப் பெயர் வேறு, விலை 6,499.