எம்-சாட்-ஆர் கேள்வித்தாள்: இலவசம்தான், ஆனால் நிரப்புவதில் கவனம் வேணும்

16 மாதத்திலிருந்து 30 மாதம் வரையுள்ள குழந்தைக்கு ஆட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று சலித்துப் பார்க்கும் 20 கேள்விகள். எல்லாம் ஆம்/இல்லைதான், பத்து நிமிஷ வேலை.

மதிப்பெண்ணில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘இல்லை’ என்றால் ஒரு புள்ளி. ஆனால் 2, 5, 12-ஆம் கேள்விகள் மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால்தான் புள்ளி. 0–2 வந்தால் இப்போதைக்குக் கவலையில்லை. இரண்டு வயதுக்குள் என்றால் இரண்டு முடிந்ததும் திரும்பப் போடணும். 3–7 என்றால் புள்ளி விழுந்த கேள்விகளை மட்டும் விரிவாகக் கேட்கும் இரண்டாம் கட்டம். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக டாக்டர்.

ஏழாம் கேள்வியைப் பாருங்கள்: ரோட்டில் பெரிய லாரி போனால் விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறதா? கிருஷ்ணகிரி ஹைவே ஓரம் இருப்பவர்களுக்கு லாரிக்குப் பஞ்சமில்லை. பிஸ்கட் டப்பாவுக்கு அம்மா கையைப் பிடித்து இழுப்பதையும் ‘காட்டுறான்’ என்று ஆம் போட்டுவிடுகிறார்கள். அது கணக்கில் வராது. எப்போதோ ஓரிரு முறை செய்ததும் ‘இல்லை’தான்.

‘சித்திரையில பொறந்ததாலயா?’ என்று பாட்டிமார் கேட்பதுண்டு. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பதே அந்தப் பயத்தில்தானே! தாளில் பிறந்த மாதம் பற்றிய கேள்வியே இல்லை. அதுதான் சரி. கலிபோர்னியாவில் 1990–2002-ல் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, குளிர்காலத்தில் கருவான குழந்தைகளுக்கு ஆட்டிசம் வாய்ப்பு கோடையைவிட சுமார் 6 சதவீதம் கூடுதல் என்று வந்தது. நூற்றுக்கு 2 என்று வைத்தால் 2.12, அவ்வளவுதான். அந்தக் கணக்கிலும் மாட்டுவது ஆவணி, புரட்டாசி, ஐப்பசிப் பிறப்புகள், சித்திரை அல்ல. டென்மார்க் ஆய்வில் தெளிவான பருவ வித்தியாசமே தெரியவில்லை. கலிபோர்னியா வித்தியாசத்துக்குக் குளிர்காலக் காய்ச்சல், வெயில் குறைவதால் வைட்டமின் டி பற்றாக்குறை என்று காரணம் ஊகிக்கிறார்கள். அதை தர்மபுரி வெயிலுக்கு அப்படியே பொருத்த முடியாது.

குறை என்றால், இது சல்லடை மட்டுமே, நோய் கண்டறியும் கருவி இல்லை. இரண்டு கட்டத்திலும் சிக்கிய குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் ஆட்டிசம் உறுதியானது. மீதிப் பேரில் பெரும்பாலோருக்கு வேறு வளர்ச்சித் தாமதம் இருந்தது. அதனால் இரண்டாம் கட்டத்திலும் 2 அல்லது அதற்கு மேல் புள்ளி வந்தால் தள்ளிப்போடக் கூடாது. காது கேட்கும் சோதனையும் சேர்த்தே எடுங்கள்; கூப்பிட்டால் திரும்பாததற்குக் காதும் காரணமாக இருக்கலாம்.

நிரப்பிய தாளோடு அரசு மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போகலாம், கட்டணமில்லை. ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் மருத்துவமனை) பக்கம். குழந்தை விளையாடும் இரண்டு நிமிஷ வீடியோ போனில் இருந்தால் டாக்டருக்கு வேலை சுலபம்.