லாகருக்குத் தண்ணீர்: ஆர்ஓவா, அமிலம் சேர்த்த குழாய்த் தண்ணீரா?

வீட்டில் கறுப்பு பியர் காய்ச்சும்போது தண்ணீரின் குறை பெரிதாக வெளியே தெரியாது. வறுத்த மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) புளிப்பே தண்ணீரின் காரத்தன்மையைச் சமாளித்துவிடும். குளிரில் மெதுவாக நொதிக்கும் வெளிர் லாகர் பியரில் அந்த வசதி கிடையாது. வெளிர் நிறப் பில்ஸ்னர் மால்ட்டை மட்டும் உப்பே இல்லாத தண்ணீரில் மேஷ் போட்டாலும் (வெந்நீரில் ஊறவைத்தாலும்) பிஎச், அதாவது அமில-கார அளவு, ஏறத்தாழ 5.7-இல்தான் நிற்கும். நமக்கு வேண்டியது 5.2 முதல் 5.4 வரை. தண்ணீரில் காரத்தன்மை தரும் பைகார்பனேட் இருந்தால் பிஎச் இன்னும் மேலே போகும். அப்போது உமியின் துவர்ப்பு பியரில் இறங்கும், ஹாப்ஸ் பூக்களின் கசப்பு நாக்கில் அறுக்கும்.

குழாய்த் தண்ணீரை அமிலத்தால் சரிசெய்வது எளிது, தண்ணீரும் வீணாகாது. பைகார்பனேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருந்தால் தாராளமாக இந்த வழியில் போகலாம். 200 என்றால் கதை வேறு. அவ்வளவையும் லாக்டிக் அமிலத்தால் முறிக்க லிட்டருக்கு 300 மில்லிகிராம் அளவுக்கு லாக்டேட் சேர்ந்துவிடும். சுமார் 400-இல் அதன் புளிப்பு நாக்குக்குத் தெரியும் என்பார்கள். மேஷுக்கும் தனியாக அமிலம் வேண்டுமே! லாகர் போன்ற மென்மையான பியரில் அந்த எல்லையை நெருங்கவே எனக்கு மனம் வராது. பாஸ்பாரிக் அமிலம் சுவையில் அவ்வளவாகத் தலையிடாது, ஆகவே கடினத் தண்ணீருக்கு அதுதான் மேல். ஆனால் எந்த அமிலமும் சோடியத்தையும் சல்பேட்டையும் குறைக்காது.

கொதிக்கவைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்ததை வடித்தெடுப்பது பழைய வழி. எரிபொருளும் பொறுமையும் இருந்தால் சரி. உப்பு போட்டு இயங்கும் மென்மையாக்கி மட்டும் வேண்டவே வேண்டாம். அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தரும், பைகார்பனேட்டைத் தொடாது.

என் தேர்வு ஆர்ஓ, அதாவது சவ்வால் உப்புகளை வடிகட்டி நீக்கிய தண்ணீர். 1842-இல் யோசப் கிரோல் முதல் பில்ஸ்னரை (வெளிர் லாகர் வகை) காய்ச்சிய செக் நாட்டுப் பில்சன் நகரத்துத் தண்ணீரில் தாது உப்புகள் மிகக் குறைவு. அதற்கு மிக அருகில் நம்மைக் கொண்டுபோய் விடுவது இதுதான். குழாய்த் தண்ணீர் ஓரளவே கடினம் என்றால் பாதிக்குப் பாதி கலந்தாலும் போதும். அப்படிக் கலக்கும்போது குழாய்த் தண்ணீரில் கிருமிநாசினியான குளோரமின் இருக்கிறதா என்று பாருங்கள். கொதித்தாலும் லேசில் போகாத அதை ஒரு சிட்டிகை பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போக்கிவிடும்.

அப்புறம் உப்பு. 10 லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் 1 கிராம் கால்சியம் குளோரைடு போட்டால் லிட்டருக்கு 27 மில்லிகிராம் கால்சியமும் 48 மில்லிகிராம் குளோரைடும் சேரும். மால்ட்டின் இனிமை உருண்டு திரளும். அதே அளவு ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) 23 கால்சியமும் 56 சல்பேட்டும் தரும். கசப்பு கூராகும், முடிவு வறட்சியாகும். வட ஜெர்மன் பாணிக்கு அது பொருந்தும். செக் பாணிக்கு நான் குளோரைடு மட்டுமே போடுவேன், அதையும் இந்த 1 கிராமோடு நிறுத்திக்கொள்வேன். லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியம் இருந்தே தீர வேண்டும் என்ற விதி லாகருக்குத் தேவையில்லை, ஈஸ்டுக்கு வேண்டியதை மால்ட்டே தரும்.

பிஎச்சை மீதி இறக்கப் புளிப்பு மால்ட் (லாக்டிக் அமிலம் ஏறிய மால்ட்): மொத்த மால்ட்டில் 1 சதவீதம் போட்டால் ஏறத்தாழ 0.1 இறங்கும். மேஷ் போட்டுக் கால் மணி நேரம் கழித்து ஒரு கரண்டி எடுத்து, அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு அளவுங்கள். சூட்டோடு அளந்தால் பிஎச் 0.2, 0.3 குறைத்துக் காட்டி ஏமாற்றும்.