சேலைக் கிராஃப் போடுகிறவனின் லினக்ஸ் திரை: 5 வருட அனுபவம்

சேலம் அம்மாபேட்டையில் பட்டுச்சேலைகளின் கரைக்கும் முந்திக்கும் கிராஃப், அதாவது நெசவுக்கான புள்ளிப் படம், போட்டுக் கொடுப்பது என் தொழில். கட்டத்தாளில் பென்சிலால் போட்ட காலம் அப்பாவோடு போயிற்று, எனக்குக் கணினிதான். தறியில் டிசைனுக்காகப் பாவு நூலைத் தூக்குவது ஜக்கார்டு பெட்டி. அது 240 கொக்கி என்றால் படத்தின் அகலம் 240 புள்ளி. ஒரு புள்ளி ஒரு கொக்கி, ஒரு வரிசை ஓர் அட்டை. புள்ளி கறுப்பாக இருந்தால் அட்டையில் அந்த இடத்தில் ஓட்டை. கொக்கி தூக்கும், பாவு நூல் மேலே வரும். நான் ஒரு புள்ளியைத் தவற விட்டால் சேலை நெடுக ஒவ்வொரு மயிலுக்கும் கண்ணில் ஒரு நூல் பிசகி நிற்கும். மற்றவர்கள் பார்த்துவிட்டு "இதெல்லாம் ஒரு குறையா?" என்று கேட்கிற திரைக் கோளாறுகள் என் கூலியில் கை வைப்பது இப்படித்தான்.

2020 கடைசியில் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் பழைய கணினி ஒன்று வாங்கினேன். அதிலிருந்த விண்டோஸ் திறந்து முடிப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் பொங்கலுக்கு வந்தபோது அதற்குப் பதில் லினக்ஸ் மின்ட் 20 போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். திரையின் முகப்புக்கு சின்னமன் டெஸ்க்டாப், வரைவதற்கு கிம்ப். அப்புறம் 21, 22 என்று ஏறி வந்துவிட்டேன். வேகம், வைரஸ் பயமின்மை பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் திரையை மட்டும் சொல்கிறேன்.

முதல் வாரமே 1024×768-க்கு மேல் போக மாட்டேன் என்றது. என்னுடையது 22 அங்குலத் திரை, 1680×1050. மயிலெல்லாம் கொஞ்சம் சதை போட்ட மாதிரி அகலமாகத் தெரிந்தன. மருமகன் போனில் சொல்லச் சொல்ல சிவிடி என்ற கட்டளையில் கணக்குப் போட்டு, எக்ஸ்ரேண்டர் கட்டளையில் புது அளவைச் சேர்த்து, கணினி திறக்கும்போதெல்லாம் அது தானாக ஓடும்படி வைத்தேன். மூன்று மாதம் அப்படியே ஓட்டினேன். லினக்ஸ் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மையில் குற்றவாளி விஜிஏ கேபிள். திரை தன் அளவு என்ன என்பதை ஈடிஐடி என்ற சின்னத் தகவலாகக் கணினிக்குச் சொல்லும். அது போகும் பாதை அந்தக் கேபிளின் 12-ஆம், 15-ஆம் ஊசிகள். மலிவான கேபிள்களில் அவை இருக்காது, அல்லது உள்ளே இணைப்பு இருக்காது. (9-ஆம் ஊசி இல்லாவிட்டால் பதற வேண்டாம், பல நல்ல கேபிள்களிலும் அது இருக்காது.) தகவல் வராதபோது லினக்ஸ் பத்திரமான ஒரு சின்ன அளவில் நின்றுகொள்கிறது. வேறு கேபிள் மாட்டினேன். எந்தக் கட்டளையும் இல்லாமல் 1680×1050 வந்து உட்கார்ந்தது. மூன்று மாதக் கட்டளைக் கூத்துக்குக் கேபிள்தான் காரணம் என்று மருமகனிடம் சொல்லவே கூச்சமாக இருந்தது.

அளவு சரியான பிறகுதான் பெரிய தொல்லை கண்ணில் பட்டது. சாதா நெசவுக்குக் கிராஃப் எப்படி இருக்கும் தெரியுமா? ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, அடுத்த வரிசையில் மாற்றி. சதுரங்கப் பலகையை ஒற்றைப் புள்ளிக்குச் சுருக்கிய மாதிரி. அதை 100 சதவீத அளவில் திரையில் வைத்தால் நடுவே இரண்டு பட்டைகள் அனல் காற்றில் ஆடுவதுபோல ஆடும். மற்ற இடம் கத்தி மாதிரி கூர்மை. பெரிதாக்கினால் ஆட்டம் போய்விடும். திரைக்குப் படம் அனுப்பும் டிரைவர் மென்பொருளை மாற்றினேன், ஜன்னல்களைச் சேர்த்து வரையும் கம்பாசிட்டரை நிறுத்தினேன், லினக்ஸின் மையமான கெர்னலைக்கூட மாற்றிப் பார்த்தேன். அசையவில்லை.

விஷயம் இதுதான். விஜிஏ வழியாகப் போவது புள்ளிகள் அல்ல, ஏறி இறங்கும் மின் அலை. ஒரு புள்ளி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைத் திரைதான் ஊகித்துக்கொள்ள வேண்டும். ஊகம் ஒரு துளி பிசகினால், வரிசையின் சில இடங்களில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே போய் அளக்கிறது. கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாகி ஆடுகிறது. சாதாரண எழுத்தில் இது தெரியாது. ஒன்று விட்டு ஒன்று நிற்கும் புள்ளிகளில்தான் அப்பட்டமாகத் தெரியும். அதாவது இந்தக் கோளாறைப் பிடிப்பதற்கென்றே செய்த சோதனைப் படம் எதுவோ, அதைத்தான் நான் தினமும் வரைந்துகொண்டிருந்தேன்.

திரையில் 'ஆட்டோ' பொத்தான் இருக்கும். நானும் பலமுறை அழுத்தியவன்தான், ஆனால் கறுப்பு வால்பேப்பர் இருக்கும்போது. திரைக்கு அளந்து பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. சாதா நெசவுக் கிராஃபையே முழுத்திரையில் நிரப்பி வைத்துக்கொண்டு அழுத்தினேன். இரண்டு நொடி முன்னும் பின்னும் நகர்ந்தது, நின்றது, பட்டை போயே போய்விட்டது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தையும் மீறி ஒரு சத்தம் போட்டேன். இப்போதும் அந்தப் படத்தை 'ஆட்டோவுக்கு' என்ற பெயரில் டெஸ்க்டாப்பிலேயே வைத்திருக்கிறேன்.

அதே திரையில் இன்னொன்று: மங்கலான ஒரு பட்டை கீழிருந்து மேலே மெல்ல ஊர்ந்து போகும். கணினி யுபிஎஸ்ஸிலும் திரை சுவர்ப் பிளக்கிலும் இருந்தன. இரண்டு எர்த்துக்கும் நடுவே இருந்த வித்தியாசம் கேபிள் வழியாகப் படத்தில் ஏறியிருக்கிறது. இரண்டையும் ஒரே பலகையில் மாட்டியதோடு சரி.

இந்த அனுபவத்தில் மருமகன் கற்றுக்கொடுத்த ஒரு வழிதான் அடுத்து வந்த எல்லாவற்றுக்கும் கைகொடுத்தது. கோளாறு தெரியும்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போனுக்கு அனுப்பிப் பார்ப்பது. போனில் பார்க்கும்போதும் கோளாறு இருந்தால் அது படம் வரைகிற மென்பொருளின் வேலை: எழுத்துரு, தீம், செயலி. போனில் சுத்தமாக இருந்தால் அதற்குப் பிறகுள்ள வழியில் ஏதோ கெட்டிருக்கிறது: டிரைவர், கேபிள், திரை. என் நோட்டில் எழுதி வைத்த கணக்குப்படி பாதிக்கு மேல் இரண்டாவது வகை. திட்டு முழுக்க வாங்கிக்கொண்டது லினக்ஸ்.

இந்த வழியால்தான் நிறக் குழப்பமும் தீர்ந்தது. 2022-இல் 24 அங்குலத் திரை, எச்டிஎம்ஐ கேபிள். கூர்மை அபாரம். ஆனால் கறுப்பு கறுப்பாக இல்லை, கரும்பலகையைச் சரியாகத் துடைக்காதது மாதிரி வெளிறிக் கிடந்தது. அரக்குக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அரக்கு உடல், கறுப்புக் கரை என்று வாடிக்கையாளர் கேட்டால் நான் என்ன செய்வது? போனில் அதே படம் பளிச்சென்று இருந்தது. 1080 அளவில் எச்டிஎம்ஐ என்றதும் டிரைவர் எதிரே இருப்பதை டிவி என்று எடுத்துக்கொண்டு, நிறத்தை 0 முதல் 255 வரை அனுப்பாமல் 16 முதல் 235 வரை மட்டும் அனுப்புகிறது. திரையோ முழு வரம்பை எதிர்பார்க்கிறது. 16 அதற்குச் சாம்பல். எக்ஸ்ரேண்டரில் 'பிராட்காஸ்ட் ஆர்ஜிபி' என்ற அமைப்பை 'ஃபுல்' ஆக்கினால் தீர்ந்தது. மறுபடி திறந்தால் பழையபடி ஆகிவிடும் என்பதால் 'ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்' பட்டியலில் சேர்க்க வேண்டும். இதை ஒரு பொத்தானாக டிஸ்ப்ளே அமைப்பிலேயே வைத்திருக்கலாம். வைக்காததை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

ரெட்ஷிஃப்ட் பற்றி ஒரு வரி. ராத்திரியில் திரையை மஞ்சளாக்கிக் கண்ணுக்கு இதம் தருவது நல்லதுதான். அந்த மஞ்சள் வெளியே போகும் வழியில் ஏறுகிறது, படத்தில் ஏறுவதில்லை. ராத்திரி எனக்கு ஜரிகை மாதிரி தெரிந்த நிறம், அனுப்பிய படத்தில் எலுமிச்சையாகப் போய்ச் சேர்ந்தது. நிறம் தேர்வு செய்யும்போது அதை நிறுத்திவிடுகிறேன்.

2023-இல் மடிக்கணினி வந்தது. 14 அங்குலத்தில் 1920×1080. அங்குலத்துக்குச் சுமார் 157 புள்ளி. 24 அங்குலத் திரையில் அது 92தான். எழுத்தெல்லாம் எறும்பு. டிஸ்ப்ளே அமைப்பில் பின்ன அளவை (ஃப்ராக்ஷனல் ஸ்கேலிங்) திறந்து 125 சதவீதம் வைத்தேன். எழுத்து பெரிதானது, கிராஃப் நாசமானது. கட்டக்கோடுகள் சில தடிமன், சில காணாமல் போயின. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் சுத்தம், ஆனால் அகலம் 1920 இல்லை, 3072! அப்போதுதான் புரிந்தது: எக்ஸ் என்ற பழைய திரை ஏற்பாட்டின் மேல் ஓடும் சின்னமன் எல்லாவற்றையும் 2 மடங்குக் கணக்கில் வரைந்து, மொத்தப் படத்தையும் சுருக்கி 1920-க்குள் திணிக்கிறது. 1.6 புள்ளியை ஒரு புள்ளியாக்கினால் ஒற்றைக் கோடு எங்கே உட்காரும்? போதாக்குறைக்கு விசிறி வேறு ஓயாமல் சுற்றியது.

எழுத்துக்காகப் பின்ன அளவைத் தொடாதீர்கள் என்பேன். அளவு 100-இலேயே இருக்கட்டும். ஃபான்ட் அமைப்பில் 'டெக்ஸ்ட் ஸ்கேலிங் ஃபேக்டர்' 1.2, பேனல் உயரம் கொஞ்சம் கூட்டு, அவ்வளவுதான். எழுத்து பெரிதாகும், படத்தின் புள்ளி புள்ளியாகவே நிற்கும். கிம்பிலும் 400, 800 என்று முழு மடங்கில் பெரிதாக்குவதே பழக்கமாகிவிட்டது.

அந்த மடிக்கணினியில் வேறொரு வேடிக்கை. எதுவும் செய்யாமல் இரண்டு நொடி விட்டால் திரை லேசாகக் கண் சிமிட்டும். எலியை அசைத்தால் நிற்கும். மருமகன் கேட்டவுடன் சொல்லிவிட்டான், பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ் என்று. படம் மாறாதபோது மின்சாரம் மிச்சம் பிடிக்க, திரை தன் நினைவில் இருப்பதையே காட்டிக்கொண்டிருக்கும் ஏற்பாடு. சில திரைகளோடு அது ஒத்துப்போவதில்லை.

"மாமா, திறக்கும்போது எஸ்கேப் அழுத்துங்க, லினக்ஸைத் திறந்துவிடுற க்ரப் மெனு வரும். ஈ அழுத்துங்க. லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியோட கடைசியில அடிங்க. ஐ, தொள்ளாயிரத்துப் பதினஞ்சு, புள்ளி, எனேபிள்…"

"புள்ளின்னா நம்ம கிராஃப் புள்ளியாடா?"

"ஐயோ மாமா, டாட்டு! அப்புறம் அண்டர்ஸ்கோர், பிஎஸ்ஆர், ஈக்வல், சைபர். நடுவுல இடம் விட்டுறாதீங்க."

அப்படி அடிப்பது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான் செல்லும். பிசகினாலும் அணைத்துத் திறந்தால் பழையபடி ஆகிவிடும். ஒரு நாள் முழுக்க சிமிட்டல் இல்லை என்று பார்த்த பிறகே க்ரப் கோப்பில் நிரந்தரமாக எழுதி, அப்டேட்-க்ரப் ஓட்டினேன். சிலர் முதல் நாளே கோப்பில் கை வைத்துவிட்டு, பிறகு கணினி திறக்கவில்லை என்று அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ் எழுத்து விஷயத்தில் குற்றம் முழுக்க மென்பொருள் பக்கம்தான். மின்ட் தரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. கிடைத்த தமிழ் எழுத்துரு ஒன்றை அமைப்பு தானே எடுத்து ஒட்டிக்கொள்கிறது. கோப்புப் பட்டியலில் 'கொக்கி' 'கொககி' ஆகத் தெரியும், புள்ளி மேல் வரியில் மறைந்துவிடும். 'முந்தி'யின் தலைச்சுழியும் பாதி வெட்டு. எழுத்தைத் திரைப் புள்ளிகளோடு பொருத்தும் ஹின்டிங் அமைப்பை 'ஸ்லைட்' ஆக்கியது கொஞ்சம் உதவியது. முழுத் தீர்வு, உயரம் குறைந்த இடத்துக்கென்றே செய்த நோட்டோ சான்ஸ் தமிழ் யூஐ எழுத்துருவைப் போட்டு, ஃபான்ட்கான்ஃபிக் கோப்பில் தமிழுக்கு அதையே முதலில் எடு என்று எழுதியதுதான். தமிழில் கோப்புப் பெயர் வைக்கிறவர்களுக்கு இந்தச் சின்ன வேலை கட்டாயம்.

எக்ஸுக்குப் பதிலாக வந்த புது ஏற்பாடான வேலண்டையும் விட்டு வைக்கவில்லை. 21.3 பதிப்பில் சோதனை முயற்சியாக வந்தபோது உள்நுழையும் இடத்தில் அதைத் தேர்ந்து பார்த்தேன். நகர்த்தும்போது படம் கிழிவதே இல்லை, நீரோட்டம் மாதிரி. ஆனால் தமிழ்99 விசைப்பலகையில் அடிக்க முடியவில்லை. பத்து நிமிடத்தில் பழைய எக்ஸுக்கே திரும்பிவிட்டேன். எக்ஸில்கூட இந்தக் கிழிசல் சின்னமனில் எனக்குப் பெரிதாக வந்ததில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் விண்டோஸ் பக்கம் போக மனமில்லை. இங்கே ஒரு கோளாறு தீர்ந்தால் எதனால் தீர்ந்தது என்பது எனக்குத் தெரிகிறது. நோட்டில் ஒரு வரி எழுதி வைக்க முடிகிறது. தேதி, மாற்றியது, மாற்றும் முன் இருந்தது. ஒரு நாளில் ஒரே ஒரு மாற்றம். டைம்ஷிஃப்டும் வாரம் ஒருமுறை படி எடுத்துவிடுகிறது.

தீராதது இன்னும் ஒன்று இருக்கிறது. கிம்புக்குள் போகும்போது எலிக்குறி பெரிதாகவும் வெளியே வந்தால் சிறிதாகவும் ஆகிறது. எக்ஸ்கர்சர் அளவு, தீம், எல்லாம் மாற்றியாயிற்று. "விடுங்க மாமா, அதுல என்ன நூலா அறுந்துபோகுது" என்கிறான் மருமகன். நோட்டில் அந்த வரிக்கு எதிரே இன்னும் வெற்றிடம்தான்.