கிட் காருக்கு டோனர் பாகங்கள் வாங்க இருப்பவர்களுக்கு: 2,650 பவுண் போன கதை

2,650 பவுண். பழைய கார்களை உடைத்து அவற்றின் பாகங்களை இணையம் வழியாக விற்கும் ஒரு கடைக்கு நான் அனுப்பிய தொகை அது. அதற்குப் பதிலாக என் வீட்டுக் கராஜில் இப்போது கிடப்பது, வெவ்வேறு கார்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த, ஒன்றோடொன்று பொருந்தாத இரும்பு. அவர்களிடமிருந்து இன்று காலை வந்த செய்தியை வாசித்த கையோடு இதை எழுதுகிறேன். ஆகவே சொற்களில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விடயம் நீதிமன்றத்துக்குப் போகும் நிலையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. இங்கிலாந்தில் சொந்தமாக ஒரு கிட் கார் கட்டும் எண்ணத்தோடு இருப்பவர்கள் முழுவதையும் வாசியுங்கள். முடிவில் எனக்குத் தெரிந்த ஆலோசனைகளையும் தருகிறேன்.

இத்துறை பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரும்புக் குழாய்களால் ஒட்டிய சட்டகத்தையும் வெளித்தகடுகளையும் ஒரு நிறுவனம் தொகுதியாக விற்கும். எஞ்சின், கியர்பொக்ஸ், டிஃபரன்ஷியல் (எஞ்சினின் இழுவையை இரு பின் சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), பிரேக், ஸ்டியரிங், வயரிங் முதலியவற்றை நாம் ஒரு பழைய காரிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும். அந்தப் பழைய காரைத்தான் டோனர் என்கிறார்கள். 1957இல் வந்த லோட்டஸ் செவன் காலத்தில், பூட்டி முடித்த காருக்கு இருந்த கொள்வனவு வரி பாகங்களாக வாங்கினால் இல்லை என்பதால் இந்த வழக்கம் இங்கே வேரூன்றியது. 1973இல் வட் வரி வந்ததும் அந்த ஆதாயம் போய்விட்டது; ஆசை போகவில்லை. இன்று அதே வடிவில் கட்டப்படும் கார்களுக்குப் பெரும்பாலானோர் டோனராக எடுப்பது முதலாம் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5. எஞ்சின் நீளவாக்கில் இருக்கும், பின் சில்லுகள் இழுக்கும், உடம்பின் அடிப்பக்கம் துருப்பிடித்து, ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனையில் தோற்றுப்போன கார்கள் மலிவாகக் கிடைக்கும். உடம்பை எப்படியும் எறியப் போகிறோம் என்பதால் அந்தத் துருவைப் பற்றி நமக்குக் கவலை இல்லை.

முழுக் காரையும் வாங்கி நாமே கழற்றுவதுதான் வழக்கம். ஆனால் நான் இருப்பது வரிசை வீடு. கராஜில் சட்டகத்தை வைத்தால் கதவைத் திறக்க மட்டுந்தான் இடம் மிஞ்சும், தெருவில் ஒரு காரைப் பிரித்துப்போட முடியாது. இப்படிப்பட்டவர்களுக்காகவே சில கடைகள் டோனர் தொகுதி என்று எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி மரத்தட்டில் அடுக்கி விற்கின்றன. நான் பார்த்த விளம்பரத்தில், 1995ஆம் ஆண்டு 1.8 லீற்றர் எம்எக்ஸ்-5 ஒன்றின் முழுத் தொகுதி, ஒரே காரிலிருந்து எடுத்தது, ஓடவிட்டுச் சோதித்தது, லொக்புக்குடன் (காரின் பதிவு ஆவணம்) தரப்படும் என்று தெளிவாக எழுதியிருந்தது. விலை 2,650 பவுண்.

இந்த வாக்கியத்தில் எனக்கு முக்கியமாக இருந்தவை இரண்டு. ஒன்று, 1.8 என்பது. அந்தக் காரில் எஞ்சின் மட்டுமல்ல, டிஃபரன்ஷியலும் 1.6 காரில் உள்ள 6 அங்குலத்துக்குப் பதிலாக 7 அங்குலம். முன் பிரேக் தட்டும் பெரியது. மற்றது லொக்புக். புதிய சட்டகத்தில், ஒரே டோனர் காரின் இரண்டு முக்கிய பாகங்களாவது இருந்து, அந்தக் காரின் ஆவணமும் இருந்தால்தான் வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ. அந்த டோனரின் வயதுக்குரிய இலக்கத்தகட்டைத் தரும். இல்லாவிட்டால் கியூ எழுத்தில் தொடங்கும் தகடு; அதில் விருப்ப இலக்கம் ஏற்ற முடியாது, காப்புறுதி நிறுவனங்களில் சில முகம் சுளிக்கும், விற்கும்போது விலையும் இறங்கும்.

சந்தேகப்படும் ஆள் நான். தொலைபேசியில் முதலில் ஆங்கிலத்தில்தான் கேட்டேன். என் பெயரைக் கேட்டதும் மறுமுனையில் இருந்தவர் தமிழுக்கு மாறினார், எந்த ஊர் என்று விசாரித்தார், தன் ஊரையும் சொன்னார். எஞ்சின் ஓடும் காணொளி ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பினார். சிவப்புக் கார், இலக்கத்தகடு தெரிகிறது, எஞ்சின் சீராக ஓடுகிறது. அந்த இலக்கத்தை அரசாங்க இணையத்தளத்தில் போட்டு எம்.ஓ.டி. வரலாற்றைப் பார்த்தேன், 1995, 1.8, ஓடிய மைல்கள் ஆண்டுக்காண்டு ஒழுங்காக ஏறியிருந்தன. லொக்புக்கின் படத்தை அனுப்ப முடியுமா என்று கேட்டதற்கு, அது அலுவலகப் பெட்டியில் பூட்டியிருக்கிறது, பாகங்களை அனுப்பும் கிழமையே தபாலில் வரும் என்றார். பிறகு அவர் சொன்ன வாக்கியத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை: "தம்பி, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. எங்கட ஆளுக்குப் பிழையான சாமான் குடுத்திட்டு நான் எந்த முகத்தோட கோயிலுக்குப் போறது?" அட்டை இயந்திரம் பழுது, வங்கிக்கு நேரடியாகப் போட்டுவிடுங்கள் என்றும் அதே மூச்சில் சொன்னார். "சரி அண்ணை" என்று சொல்லி அன்றிரவே 2,650 பவுணை அனுப்பினேன். அவர் பேசிய பேச்சில் பிழை சொல்ல எதுவும் இருக்கவில்லை; அந்தப் பேச்சுத்தான் அவர்களுடைய முதலீடு என்பது இப்போது விளங்குகிறது.

மரத்தட்டுகள் லொறியில் வந்து இறங்கியபோது வெளியே எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தன. எஞ்சினை நீராவியால் கழுவிக் கறுப்பு மை பூசியிருந்தார்கள். முதலில் உறுத்தியது பிரேக் தட்டு. 1.8 காரில் ஏறத்தாழ 255 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய முன் தட்டு, அளவுநாடாவில் 235 காட்டியது. அதன் பிறகு ஒவ்வொன்றாக அளக்கத் தொடங்கினேன். டிஃபரன்ஷியல் 6 அங்குலம். எஞ்சின் உடலில் மையைச் சுரண்டிப் பார்த்தால் 1.8க்கு உரிய பிபி என்ற குறியீடு இல்லை. பி6 என்று பொறித்திருந்தது, அதாவது 1.6. அந்த எஞ்சினின் காற்றளவி மடல் கதவு வைத்த பழைய வகை. எஞ்சினை இயக்க உடன் வந்த கணினிப்பெட்டியோ 1.8க்கு உரியது, வயரிங்கின் பொருத்திகள் இரண்டிலும் சரியாக ஏறவில்லை. ஓடவிட்டுப் பார்க்கக்கூட வழியில்லாத ஒன்றை ஓடவிட்டுச் சோதித்தது என்று விற்றிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருந்தது. கிராங்க் தண்டின் கப்பியைக் கையால் பிடித்து ஆட்டினால் ஆடியது. 1991 வரையிலான ஆரம்பகால 1.6 எஞ்சின்களில் தண்டின் முனை குட்டையானது. போல்ட் சற்றுத் தளர்ந்தாலும், கப்பியைத் தண்டோடு பிணைக்கும் சாவி என்ற சிறு இரும்புத்துண்டு இருக்கும் பள்ளம் அடிபட்டுத் தேய்ந்துவிடும் என்பதை இந்தக் கார்களைத் தொட்டுப் பழகியவர்கள் எல்லோரும் அறிவார்கள். கழற்றிப் பார்த்தேன். பள்ளம் அகன்று, உள்ளே யாரோ பசை ஊற்றி இறுக்கியிருந்தார்கள். தற்செயலாக மாறி வந்த எஞ்சினில் யாரும் பசை ஊற்றி மை பூசி அனுப்ப மாட்டார்கள். இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது.

படங்களோடு அன்றே எழுதினேன். உடனே பதில் வந்தது, மிகவும் மரியாதையாக. களஞ்சியத்தில் மரத்தட்டுகள் மாறிவிட்டன, சரியான தொகுதியை அடுத்த கிழமை அனுப்பிப் பழையதை எடுத்துச் செல்வோம் என்றார்கள். அடுத்த கிழமை லொறிச் சாரதிக்குச் சுகமில்லை. அதற்கடுத்த கிழமை அண்ணை ஊருக்குப் போய்விட்டார், அவர் வந்ததும்தான் முடிவெடுக்க முடியும். அவர் வந்த பிறகு, எஞ்சினை மாற்றலாம், டிஃபரன்ஷியல் கைவசம் இல்லை என்றார்கள். டிஃபரன்ஷியலை மாற்றினால் அதோடு சேரும் புரொப் தண்டும் பக்கத் தண்டுகளும் மாற வேண்டும் என்று எழுதினால் பதில் இல்லை. லொக்புக்கைக் கேட்டால் தபாலில் போட்டாயிற்று. தபால் இலக்கத்தைக் கேட்டால் சாதாரணத் தபால்.

பின்னர் குரல் மாறியது. "பழைய சாமான் எண்டால் அப்படித்தான் இருக்கும், தம்பி. புதுசு வேணுமெண்டால் புதுசு வாங்கியிருக்கலாமே" என்றார், கோயிலுக்குப் போகும் அதே அண்ணை. லொக்புக் பற்றிக் கேட்டேன். அந்தக் காரை அழித்துவிட்டதாக டி.வி.எல்.ஏ.க்கு அறிவித்தாயிற்று, ஆகவே லொக்புக் இனி இல்லை என்று, தபாலில் போட்டதாகச் சொன்ன அதே வாயால் சொன்னார். அழிப்புச் சான்றிதழ் கொடுக்கப்பட்ட காரின் அடையாளம் அத்தோடு முடிந்தது. எந்தக் கிட் காருக்கும் அதைக் காட்ட முடியாது. எஞ்சின் எந்த ஆண்டுக்குரியது என்பதற்கும் என்னிடம் இப்போது சான்றில்லை. கார் வீதிக்கு வருவதற்கு முன் நடக்கும் ஐ.வி.ஏ. சோதனையில் புகை அளவைத் தீர்மானிக்க அந்தச் சான்றைக் கேட்பார்கள் என்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய விளம்பரத்திலேயே ஐ.வி.ஏ.க்கு உகந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

இந்தத் தள்ளிப்போடல்கள் எல்லாம் அசட்டையால் வந்தவை அல்ல என்பதே நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வியாபாரியிடம் வாங்கிய பொருள் சொன்னபடி இல்லாவிட்டால் 30 நாளுக்குள் அதை நிராகரித்து முழுத் தொகையையும் திருப்பிக் கேட்க 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. அந்த 30 நாளும் கழியும் வரை "அடுத்த கிழமை, தம்பி". கழிந்த மறுநாள் "பழைய சாமான் எண்டால் அப்படித்தான்". மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டு காத்திருக்கும் காலம் அந்த 30 நாளில் சேராது என்று அதே சட்டம் சொல்வதை நுகர்வோர் ஆலோசனைப் பிரிவில் ஒருவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். அதை எழுதி அனுப்பியதற்குத்தான் இன்று காலை பதில் வந்தது: இது கடை விற்றதல்ல, தனிநபர் விற்றது, பற்றுச்சீட்டைப் பாருங்கள் என்று. பார்த்தேன். விளம்பரத்தில் கடை, தொலைபேசியில் கடை, லொறியில் கடை. பற்றுச்சீட்டில் மட்டும் யாரோ ஒரு தனியாளின் பெயர். 2,650 பவுணும் அந்தப் பெயரில் உள்ள கணக்குக்கே போயிருக்கிறது.

வங்கியும் கைவிட்டுவிட்டது. ஏமாற்றுக்காரர்களுக்குப் பணம் அனுப்பியவர்களுக்கு 85,000 பவுண் வரை ஈடு செய்யும் விதி 2024 ஒக்ரோபர் 7ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது என்பதை வாசித்துவிட்டு நம்பிக்கையோடு பேசினேன். பொருள் ஏதோ ஒன்று வந்து சேர்ந்திருப்பதால் இது மோசடி அல்ல, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையிலான சிவில் பிணக்கு என்று ஒரு பெண்பிள்ளை இனிமையாக வாசித்துக் காட்டினார். அதாவது எனக்கு ஒன்றுமே அனுப்பாமல் ஓடியிருந்தால் பணம் திரும்பக் கிடைத்திருக்கலாம். குப்பையை அனுப்பியதால் அவர்கள் தப்பினார்கள். இதை வகுத்தவர்கள் ஒருமுறையேனும் ஒரு டிஃபரன்ஷியல் வாங்கிப் பார்க்க வேண்டும்.

ஆலோசனை தருவதாகச் சொன்னேன். நிறைய எழுத நினைத்தேன், ஆனால் வழக்குக்கு முந்திய கடிதத்தை இன்றே பதிவுத்தபாலில் போட வேண்டும் என்பதால் இவற்றை மட்டும் சொல்கிறேன். லொக்புக்கைக் கையில் வாங்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கடனட்டையில் கட்டுங்கள், 100 பவுணுக்கு மேற்பட்டு 30,000 பவுணுக்கு மேற்படாத விலையென்றால் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அட்டை நிறுவனமும் பொறுப்பு. எஞ்சின் உடலில் பொறித்த குறியீட்டையும் இலக்கத்தையும் நேரில் பார்த்து லொக்புக்கோடு ஒப்பிடுங்கள். அளவுநாடா கொண்டுபோங்கள். பற்றுச்சீட்டில் யார் பெயர் என்று பாருங்கள். "மாற்றித் தருகிறோம்" என்றால் திகதியோடு எழுத்தில் கேளுங்கள்.

10,000 பவுணுக்கு உட்பட்ட சிறு கோரிக்கை என்பதால் சட்டத்தரணி இல்லாமலே 2,650 பவுணுக்கு வழக்குப் போடப் போகிறேன். ஒரு உதவி. சிவப்பு எம்எக்ஸ்-5 ஒன்றின் எஞ்சின் ஓடும், பின்னணியில் நீலத் தகரக் கதவும் ஏணியும் தெரியும் ஒரு காணொளி உங்களில் யாருக்கேனும் வந்திருந்தால் காசு அனுப்பாதீர்கள்; வந்த திகதியோடு அதைச் சேமித்து எனக்குச் செய்தி அனுப்புங்கள். ஒரே காரை எத்தனை பேருக்கு விற்றிருக்கிறார்கள் என்பதை நீதிபதியின் முன் வைக்க அது எனக்குத் தேவை.