ஒரு வயதுக் குட்டியா, ஓடிக் காட்டிய இரண்டு வயதுக் குதிரையா?

அமெரிக்காவில் பந்தயக் குதிரை வாங்குபவர்களுக்கு வரும் குழப்பம் இது: கென்டக்கியின் கீன்லாந்து ஏலத்தில் ஒரு வயதுக் குட்டியா, புளோரிடாவின் ஒகாலாவில் இரண்டு வயதுக் குதிரையா?

பார்க்கக் கிடைப்பது: குட்டியிடம் வம்சம், கால் அமைப்பு, எக்ஸ்ரே, நடை. இரண்டு வயதுக் குதிரை ஒரு ஃபர்லாங், அதாவது சுமார் 200 மீட்டர், முழு வேகத்தில் ஓடிக் காட்டும்.

செலவு: குட்டியைப் பழக்கும் செலவு நம் தலையில். மற்றதில் அது விலையிலேயே சேர்ந்துவிடும்.

ஆபத்து: கடிகாரம் ஆளை மயக்கிவிடும். 2006-ல் ‘தி கிரீன் மங்கி’ ஒரு ஃபர்லாங்கை 9.8 நொடியில் ஓடி 1.6 கோடி டாலருக்கு விலைபோனது. பெரிய பயிற்சியாளர் டாட் பிளெட்சரிடம் போயும், ஓடிய மூன்று பந்தயங்களில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஒரு வயதில் வெறும் 17,500 டாலருக்கு வாங்கிய ‘சியாட்டில் ஸ்லூ’ 1977-ல் மும்மகுடம், அதாவது அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே ஆண்டில், வென்றது. நேரத்தைவிட, முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகும் குதிரை தளராமல் ஓடுகிறதா என்பதையே நான் பார்ப்பேன்.

வாங்கிய குதிரையை யாரிடம் விடுவது என்று முடிவு செய்ய, பயிற்சியாளரின் மொத்த வெற்றிக் கணக்கு உதவாது. இரண்டு வயதுக் குதிரைகளில், அதுவும் முதல் ஓட்டத்தில், அவர் வெற்றி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பயிற்சியாளர் வெஸ்லி வார்டின் பலம் அங்கேதான்.

சில மாதங்களிலேயே களமிறக்க வேண்டுமா, ஒகாலா. கைப்பணம் குறைவு, ஆனால் காத்திருக்க முடியும் என்றால் கீன்லாந்து ஏலத்தின் கடைசி நாட்கள்; அப்போது விலை குறைவு.