அடம்பு விதைப் பாக்கெட்: விதை நல்லது, சீட்டு போதாது

நாகர்கோவில் பக்கத்து நாற்றுப்பண்ணை ஒன்றில் கிடைக்கும் அடம்பு (கடற்கரை மணலில் படரும் கொடி) விதை திரட்சியானது, பூச்சி அரிப்பு இல்லை. அப்படியே ஊன்றினால் வாரக்கணக்கில் அசையாது. மேலோடு தண்ணீரை உள்ளே விடாது. விதை காயில் ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளில் வெளிர்நிறம் தெரியும்வரை தேய்த்து, 24 மணி நேரம் ஊறவையுங்கள். ஊதியதை மட்டும் மணலில் 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள், ஊதாததை மறுபடி தேய்க்கலாம். களிமண் கலந்தால் அழுகும்.

பெரிய குறை, சேகரித்த இடமும் ஆண்டும் சீட்டில் இல்லாதது. காட்டுச்செடிக்கு அதுதான் ஜாதகம். கலிஃபோர்னியாவில் காட்டுக் கடுகு விதையை 1997-லும், வறட்சிக்குப் பின் 2004-லும் எடுத்து, இரண்டையும் ஒன்றாக வளர்த்தபோது, பிந்திய விதையின் செடிகள் முந்திப் பூத்தன. ஈரம் வற்றுமுன் காய்த்தவையே வாரிசு விட்டிருந்தன. ஏழே ஆண்டில்! அடம்பு பல்லாண்டுக் கொடி, அந்த வேகம் வராது. ஆனாலும் முதலில் முளைப்பதையே பண்ணையில் தாய்ச்செடியாக்கினால், நீண்ட உறக்கமுள்ள, அதாவது முளைக்காமல் நெடுநாள் காத்திருக்கும் விதைகள் தலைமுறைதோறும் கழியும். சொத்தவிளைக் கடற்கரை மணலில் மழை பொய்த்த ஆண்டைத் தாண்டி முளைக்கக்கூடியவை அவைதான்.

எந்தக் கடற்கரை, எந்த மாதம், எத்தனை கொடிகள் என்று கேட்டு வாங்குங்கள். ஒற்றைக் கொடியின் விதை என்றால் வேண்டாம்.