லாரி மேகனா, டை மர்ரியா?

அமெரிக்க ரோடியோவில், அதாவது துள்ளும் விலங்கின் மேல் ஏறி விழாமல் தாக்குப்பிடிக்கும் கௌபாய் போட்டிகளில், சேணம் போட்ட குதிரை, போடாத குதிரை, காளை மூன்றிலும் ஏறியவர்கள் இருவருமே. ஆல்-அரவுண்ட், அதாவது பல பிரிவுகளையும் சேர்த்துப் பார்த்துத் தரும் உலகப் பட்டம், மேகனுக்கு ஆறு: 1966 முதல் 1970 வரை வரிசையாக ஐந்து, அப்புறம் 1973-ல் ஒன்று. மர்ரிக்கு ஏழு. கணக்கு அதோடு முடிந்தது, சரி, ஆனால் அந்த ஏழாவதுக்கு மர்ரி பட்ட பாடு இருக்கிறதே, 1994-ல் ஆறாவதை வாங்கிய பிறகு முழங்காலும் தோளும் போய், அறுவை சிகிச்சை, ஓய்வு என்று வருடங்கள் ஓடி, 1998-ல்தான் கிடைத்தது. சிறுவனாக இருந்த மர்ரியைத் தன் பண்ணையில் தங்கவைத்துப் பழக்கியதே மேகன்தான்! எனக்கு மேகனைத்தான் பிடிக்கும், சொந்த விமானத்தை ஓட்டிக்கொண்டு போட்டிக்குப் போன அந்தக் கெத்துக்காகவே.